மெய்நிகர் பிணையச் செயல்பாடுகளுக்கான தரவு மையக் கட்டமைப்பு

ரவுட்டர், ஃபயர்வால், கைபேசிச் சேவையின் மையக் கருவிகள் ஆகியவை செய்துவந்த வேலையை மென்பொருளாக ஓட்டுவதற்கென்று தரவு மையத்தில் அமைக்கப்படும் சர்வர்கள், சேமிப்பகம், சுவிட்சுகள், மெய்நிகராக்க அடுக்கு ஆகியவற்றின் தொகுதி. துறையினர் இதை என்.எஃப்.வி.ஐ. என்று சுருக்கி அழைப்பர். இதன்மேல் ஓடும் மென்பொருள்களும் அவற்றை மேலாளும் அமைப்புகளும் இதில் சேரா.

ஒரே எந்திரத்தைப் பல எந்திரங்களாகக் காட்டும் மெய்நிகராக்க உத்தியை ஐபிஎம் 1960களிலேயே கையாண்டது. சாதாரணக் கணினியில் ரவுட்டரை மென்பொருளாக எழுதும் முயற்சிகளும் பழையவை. எம்ஐடியில் உருவான ‘கிளிக்’ ரவுட்டர் 2000ஆம் ஆண்டையொட்டியது. மெய்நிகராக்க மென்பொருளான கேவிஎம் 2007இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது.

பெரும்பாலான நூல்கள் இக்கட்டமைப்பின் வரலாற்றை 2012 அக்டோபரில் தொடங்குகின்றன. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நடந்த மாநாட்டில் ஏடி அண்ட் டி, பிரிட்டிஷ் டெலிகாம், டாய்ச்சு டெலிகாம், டெலிஃபோனிகா, சைனா மொபைல் உள்ளிட்ட 13 நிறுவனங்கள் கூட்டாக ஒரு வெள்ளையறிக்கை வெளியிட்டன. ஒவ்வொரு சேவைக்கும் தனிப்பெட்டி வாங்கி, அதற்கு இடமும் மின்சாரமும் ஆளும் தேடும் நிலை மாறவேண்டும் என்பது அதன் வாதம். ‘கிளிக்’ போன்ற ஆய்வுகளை முன்னோடி எனக் கருதுவோர் இந்தத் தொடக்க ஆண்டை ஏற்பதில்லை. கருத்து பழையது, கூட்டுக்கோரிக்கை புதியது என்று கொள்வது பொருந்தும்போலும். ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்சியின்கீழ் அமைந்த குழு 2013 ஜனவரியில் பிரான்சின் சோஃபியா ஆன்டிபோலிசில் முதன்முறை கூடியது. அவ்வாண்டு அக்டோபரில் முதல் ஐந்து ஆவணங்கள் வந்தன. கணிப்பு, ஹைப்பர்வைசர் (மெய்நிகராக்க அடுக்கு), பிணையம் என்று கட்டமைப்பை மூன்று களங்களாகப் பிரித்து விவரித்த ஆவணங்கள் 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் வெளியாயின.

அக்காலத்தின் தலையாய சிக்கல் வேகம். நொடிக்கு 10 கிகாபிட் இணைப்பில் 64 பைட் அளவுள்ள மிகச்சிறிய பேக்கெட்டுகள் இடைவிடாமல் வந்தால் நொடிக்கு 1.488 கோடி பேக்கெட்டுகள். ஒன்றுக்குக் கிடைப்பது 67.2 நானோநொடி, 3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது ஏறத்தாழ 200 துடிப்பு. பிரதான நினைவகத்துக்கு ஒருமுறை போய்வந்தாலே அதில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். பேக்கெட் வரும்போதெல்லாம் செய்கிற வேலையை இடைநிறுத்திக் கெர்னலை அழைக்கும் வழக்கமான முறை இந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்கவில்லை. இன்டெலில் வெங்கி வெங்கடேசன் 2010 வாக்கில் உருவாக்கிய டிபிடிகே என்ற மென்பொருள் தொகுப்பு அந்த முறையைக் கைவிட்டது. கெர்னலைச் சுற்றிக்கொண்டு, பிணைய அட்டையைப் பயன்பாட்டு மென்பொருளே நேரடியாகப் பார்க்கும். செயலியின் ஒரு கோர் வேறெதுவும் செய்யாமல் ‘பேக்கெட் வந்ததா’ என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். போக்குவரத்தே இல்லாத நள்ளிரவிலும் அந்தக் கோர் முழு மூச்சில் இயங்குவது இதற்குக் கொடுக்கும் விலை. 2013இல் டிபிடிகேயைத் திறமூலத் திட்டமாக நடத்தும் இணையதளத்தை 6விண்ட் நிறுவனம் தொடங்கியது. 2017இல் திட்டம் லினக்ஸ் அறக்கட்டளைக்குச் சென்றது. வெங்கடேசன் 2018இல் காலமானார்.

சர்வரை அமைக்கும் முறையும் இதையொட்டி மாறியது. 4 கிலோபைட் நினைவகப் பக்கங்களுக்குப் பதில் 2 மெகாபைட், 1 கிகாபைட் பக்கங்கள் ஒதுக்கப்பட்டன. மெய்நிகர் எந்திரம் குறிப்பிட்ட கோர்களோடு கட்டிவைக்கப்பட்டது. அதன் நினைவகமும் பிணைய அட்டையும் அதே செயலிச் சாக்கெட்டின் பக்கம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளப்பட்டது. ஒரே கோரைப் பலருக்குப் பங்குபோடுவதில்தான் பொதுவான மேகக்கணிமையின் இலாபம் இருக்கிறது. இங்கே அது விலக்கப்பட்டது. திறமூல மேகக்கணிமை மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கின் 2014 அக்டோபர், 2015 ஏப்ரல் வெளியீடுகளில் இவ்வசதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

எஸ்ஆர்-ஐஓவி பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. ஒரு பிணைய அட்டை தன்னைப் பல அட்டைகளாகப் பகிர்ந்து ஒவ்வொன்றையும் ஒரு மெய்நிகர் எந்திரத்துக்கு நேராகக் கொடுக்கும் இந்த 2007ஆம் ஆண்டுத் தரம், மெய்நிகர் சுவிட்சைத் தவிர்ப்பதால் வேகமானது. ஆனால் மென்பொருள் அந்த அட்டையின் டிரைவரைச் சார்ந்துவிடும். ஓடும் எந்திரத்தை வேறு சர்வருக்கு நகர்த்துவதும் கடினமாகும். வன்பொருளிலிருந்து விடுபடத் தொடங்கிய முயற்சி மீண்டும் வன்பொருளுக்கே வந்துசேர்ந்தது என்பது ஒரு தரப்பு. வேகம் வேண்டிய இடத்தில் மட்டும் பயன்படுத்தினால் குறையில்லை என்பது மற்றது. இரண்டு முறையையும் ஒரே கட்டமைப்பில் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு.

கட்டடம், மின்சாரம் பற்றிய பதிவுகள் குறைவு. தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் மின்கல அடுக்குகளோடு –48 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கியவை. அவற்றின் ரேக்குகள் ஆழம் குறைந்தவை. மாறுமின்சாரத்துக்கும் ஆழமான ரேக்குக்கும் செய்யப்பட்ட சர்வர்களை அங்கே அப்படியே நுழைக்க முடியவில்லை. ஆண்டுக்கு ஐந்தேகால் நிமிடத்துக்கு மேல் சேவை நிற்கக்கூடாது என்ற ‘99.999 விழுக்காடு’ வழக்கத்தைத் தனி சர்வரால் காக்க முடியாததால், அப்பொறுப்பு மென்பொருள் நகல்களுக்கு மாறியது. இங்கே ஒன்றைக் குறிப்பிடவேண்டும். இத்தகைய தரவு மையங்களில் சுவிட்சுகளைக் கோக்கும் ‘லீஃப்–ஸ்பைன்’ அமைப்பு, பெல் ஆய்வகத்தின் சார்லஸ் கிளாஸ் 1953இல் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக எழுதிய கட்டுரையின் வழிவந்தது. தொலைபேசிக்காரர்களிடமிருந்து போன யோசனை கணினிக்காரர்கள் வழியே அவர்களிடமே திரும்பியது.

இக்கட்டமைப்பின் எல்லாப் பகுதிகளையும் சேர்த்துச் சோதிக்க 2014 செப்டம்பரில் லினக்ஸ் அறக்கட்டளை ‘ஓபிஎன்எஃப்வி’ திட்டத்தைத் தொடங்கியது. அதன் வெளியீடுகளுக்கு ஆங்கில அகர வரிசைப்படி ஆறுகளின் பெயர் வைத்தனர். 2015இல் ஆர்னோ, அடுத்து பிரம்மபுத்திரா, கொலராடோ, டானூப், யூப்ரடீஸ். 2021இல் திட்டம் வேறொன்றோடு இணைந்தபோது சூட்டிய பெயர் அனுகெத். நைல் நதி அருவிகளின் எகிப்தியத் தெய்வம் அவள்.

பின்னர் மெய்நிகர் எந்திரங்களின் இடத்தைக் கன்டெய்னர்களும் அவற்றை மேலாளும் குபர்னெட்டீசும் பிடிக்கத் தொடங்கின. ஜப்பானில் ரக்குட்டென் மொபைல் 2020 ஏப்ரலில் முழுக்க மெய்நிகராக்கிய கைபேசிச் சேவையைத் தொடங்கியது. ஏடி அண்ட் டி 2021இல் தன் 5ஜி மையப் பிணையத்தை மைக்ரோசாஃப்டின் மேகத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. பல நிறுவனங்களின் மெய்நிகராக்க அடுக்காக இருந்த விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அதன்பின் மென்பொருள் உரிமம் சந்தா முறைக்கு மாறியது.