அரை ஓபராவை மேடையேற்றல்

அரை ஓபரா என்பது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் அரங்குகளில் வளர்ந்த, பேச்சு நாடகமும் இசையும் கலந்த மேடை வடிவமாகும். இத்தாலிய ஓபராவில் கதைமாந்தர் பாடியே உரையாட, இவ்வடிவத்தில் தலைமைப் பாத்திரங்கள் பேசி மட்டுமே நடிக்கின்றன. பாட்டு ஆவிகளுக்கும் தெய்வங்களுக்கும் பூசாரிகளுக்கும் இடையர்களுக்கும் உரியது. இவர்களின் பாடலும் ஆடலும் காட்சி வித்தையும் சேர்ந்த தனிப்பகுதி ‘மாஸ்க்’ எனப்படும். இவ்வடிவத்துக்கு ‘அரை ஓபரா’ என்ற பெயரை வழங்கிய ரோஜர் நார்த், நாடகம் காண வருவோருக்கு இசையும், இசை கேட்க வருவோருக்கு நாடகமும் இடையூறாகின்றன என்று குறைகூறினார். இன்றைய இயக்குநரின் சிக்கலும் ஏறத்தாழ இதுவே.

ஜான் டிரைடன் எழுதி, ஹென்றி பர்செல் இசையமைத்து, 1691இல் டார்செட் கார்டன் அரங்கில் நிகழ்ந்த ‘கிங் ஆர்தர்’ இதற்குத் தக்க சான்று. இதில் ஆர்தர் பாடுவதே இல்லை. பர்செலின் கையெழுத்துப்படி கிடைக்காமையால், இசைப்பகுதிகளின் வரிசையையே பதிப்பாசிரியர்கள் பல படிகளை ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டியுள்ளது. நாடகத்தை நீக்கிவிட்டு இசையை மட்டும் நிகழ்த்துவது எளிய வழி. 2006இல் லண்டனின் ஆங்கில தேசிய ஓபராவுக்காக மார்க் மோரிஸ் பேச்சுப் பகுதியை முற்றிலும் விலக்கி, இதனை ஆடல் நிகழ்ச்சியாக அமைத்தார். ஆனால் இவ்வழியில் இழப்பும் உண்டு. புகழ்பெற்ற பனிக் காட்சியில் குளிரின் ஆவி நடுங்கிய குரலில் பாடுகிறது. அந்நடுக்கத்தைக் காட்ட இசைக்குறிப்பில் அலைக்கோடுகள் இடப்பட்டுள்ளன. நாடகத்தில் இது, ஆர்தரின் காதலியான, சிறைப்பட்ட எமலைனை இணங்கவைக்க மந்திரவாதி ஓஸ்மண்ட், காதல் பனியையும் உருக்கும் என்று காட்டும் சூழ்ச்சி; அவளோ உருகுவதில்லை. அவளும் அவள் மறுப்பும் மேடையில் இல்லாதபோது, காட்சி அழகிய குளிர்காலப் படமாகச் சுருங்கிவிடுகிறது.

நாடகத்தைத் தக்கவைத்தால் செலவும் நேரமும் பெருகும்: நடிகர், பாடகர், ஆடலர் என மூன்று குழுக்கள் வேண்டும், இசைக்குழுவும் பழைய முறைப்படி குடல் நரம்புத் தந்திகளும் ஹார்ப்சிகார்டும் நீண்ட கழுத்துடைய தியோர்போவும் கொண்டு, இன்றையதினும் தாழ்ந்த சுருதியில் இசைப்பது வழக்கமாகிவிட்டது. செலவு புதிய தொல்லையன்று. 1692இல் பர்செலின் ‘தி ஃபேரி குவீன்’ மக்களைக் கவர்ந்தும் பெருஞ்செலவால் அரங்கத்தாருக்கு ஆதாயம் மிகக் குறைவே என்று அக்கால நாடகக் குழுவினரான ஜான் டவுன்ஸ் பதிவுசெய்துள்ளார்.

ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தின் தழுவலான அதே படைப்பை, 2009இல் கிளைண்ட்போர்ன் விழாவில் ஜோனதன் கென்ட், வில்லியம் கிறிஸ்டியின் இசை நடத்துகையில், பேச்சு நாடகத்தையும் விடாமல் அரங்கேற்றினார். அதில் முயல் வேடமிட்டோர் ஆடிய குறும்பு நடனம் இக்காலக் கிறுக்காகத் தோன்றலாம். ஆனால் 1692இன் மூல நூலிலேயே, இறுதி அங்கத்துச் சீனத் தோட்டக் காட்சியில், மரங்களுக்கிடையிலிருந்து ஆறு குரங்குகள் வந்து ஆட வேண்டும் என்ற மேடைக்குறிப்பு உள்ளது.