30 ரூபாய் உத்தியோகமும் ஒரு கப்பல் பயணமும்

 

தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் மஹல்லாக்களில் ஜும்ஆ முடிந்ததும் இளைஞர்கள் இமாம்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கையில் நிலையான வேலை இருக்கிறது, மேற்படிப்புக்கு மனம் ஏங்குகிறது, வேலையை விடலாமா?" அருகில் நிற்கும் தந்தையின் முகத்திலேயே அதற்கு ஒரு பதில் எழுதியிருக்கும். இதே கேள்வியை நம் சென்னையின் பெரிய மனிதர்கள் சிலர் ஒரு குமாஸ்தாவுக்காகக் கூடி ஆராய்ந்த காலம் ஒன்றுண்டு. அந்தக் குமாஸ்தாதான் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

1912 மார்ச் 1ஆம் நாள் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அற்பத் தொகை என்று எண்ணிவிடாதீர்கள். கணிதம் ஒன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தோற்றதால் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தவர் அவர். பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் ஜானகி அம்மாளுடன் திருமணமும் நடந்துவிட்டது. பட்டமில்லாத, பிறர் தரும் உதவியை நம்பி வாழ்ந்த ஒருவருக்கு அந்த 30 ரூபாய் மானத்தோடு உண்ணும் சோறாக இருந்தது.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை அனுப்பினார். ஹார்டி வியந்து அவரை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொள்ள முயன்றார். அழைப்பு வந்தவுடனே அவர் பெட்டியைக் கட்டிவிட்டாரா? இல்லை. கடல் கடந்து செல்ல அவர் முதலில் இசையவே இல்லை.

இதற்கிடையில் துறைமுகத்தில் அவருடைய மேலதிகாரிகளான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் நாராயண ஐயரும் செய்ததை நம்மில் முதலாளிகளாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். நல்ல ஊழியர் கைநழுவிப் போகிறாரே என்று அவர்கள் தடுக்கவில்லை. அவருக்காகப் பல இடங்களில் பரிந்து பேசினார்கள். பட்டம் இல்லாதவருக்கு ஆய்வு உதவித்தொகை தருவதில் விதிமுறைத் தடை இருந்தும் சென்னைப் பல்கலைக்கழகம் அதைக் கடந்து, 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் வழங்கியது. அதன் பிறகே அவர் மேசையை விட்டு எழுந்தார். பழைய வருவாய் நிற்கும் முன்பே, அதைவிட இரண்டரை மடங்கு வருவாய் உறுதியாகிவிட்டது. பதிலுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று அறிக்கைகள் தந்தார்.

1914இன் தொடக்கத்தில் சென்னை வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில் கேட்டபோது அவர் இசைந்தார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் ஒதுக்கியது. அதில் ஒரு பகுதி இங்குள்ள பெற்றோருக்குச் சேர ஏற்பாடாயிற்று. மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' கப்பலில் புறப்பட்டார்.

இந்த இடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நினைவு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் உச்சப் பதவியை விட்டு ஹிஜ்ரி 488இல், அதாவது 1095இல், அவர்கள் வெளியேறினார்கள். அவர்கள் நாடியது கல்லூரிப் படிப்பன்று, உறுதியான மெய்யறிவு. ஆனால் போவதா இருப்பதா என்று ஏறத்தாழ ஆறு மாதம் அல்லாடியதைத் தாமே எழுதியுள்ளார்கள். செல்வத்தைப் பகிர்ந்தளித்தபோது பிள்ளைகளின் வாழ்வுக்குத் தேவையானதை ஒதுக்கி வைத்ததையும் மறைக்காமல் எழுதியுள்ளார்கள்.

வேலையை விடாமலே படித்துத் திரும்பியவரும் நம் ஊரில் உண்டு. இன்று நம் தாம்பரத்தில் இருக்கும் கிறிஸ்துவக் கல்லூரி 1937இல்தான் இங்கு வந்தது. அதற்கு முன் ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்குப் பேராசிரியர் ராஸிடம் கணிதம் பயின்ற எஸ்.ஆர். இரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பணி சலிப்பூட்டவே, பழைய ஆசிரியர் வேலைக்கே திரும்ப விரும்பினார். ஆயினும் அதே ஆண்டு, பதவியில் இருந்தபடியே இலண்டன் சென்று நூலகக் கல்வி பயின்றார். அதன் பிறகு 1944 வரை அப்பதவியில் நிலைத்தார். நூலகவியலின் முன்னோடி ஆனார். விடுப்பெடுத்துப் படிக்கும் வழி இருக்கும்போது இராஜினாமாக் கடிதத்தை முதலில் நீட்டுவானேன்?

இராமானுஜனுக்கே திரும்புவோம். 1916இல் ஆய்வின் வழியே பட்டம் பெற்றார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இவற்றையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். சொல்லப்படாத பக்கம் ஒன்று உண்டு. உலகப் போர் மூண்டதால் இரண்டாண்டுக்கெனத் திட்டமிட்ட பயணம் ஐந்தாண்டாக நீண்டது. 1917இல் நோய் பற்றியது. 1919 மார்ச்சில் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் 32ஆம் வயதில் காலமானார்.

கப்பல் புறப்பட்டபோது ஜானகி அம்மாளுக்கு ஏறத்தாழ 15 வயது. உடன்வர விரும்பியும் அவர் அழைத்துச் செல்லப்படவில்லை. கணவர் திரும்பிய பின் அவருக்குப் பணிவிடை செய்யக் கிடைத்த காலம் ஓராண்டுக்குச் சற்று அதிகம். பெற்றோருக்குப் பணம் ஒதுக்கிய அத்தனை பேரும் அந்தப் பெண்ணிடம் ஒரு சொல் கேட்டிருப்பார்களா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கணவர் மறைந்தபின் பம்பாயில் சகோதரர் வீட்டில் சில ஆண்டுகள் தங்கித் தையல் கற்றார். பிறகு நம் திருவல்லிக்கேணிக்கே திரும்பி, துணி தைத்துப் பிழைத்து, ஓர் ஆண் பிள்ளையையும் எடுத்து வளர்த்து, 1994 வரை வாழ்ந்தார்.