வழிநூலும் கடப்பாடும்: லூக்கா பாசியோலியின் கணிதப் பணி

ஆய்வுச் சுருக்கம்

'கணக்கியலின் தந்தை' எனப் பாடநூல்கள் போற்றும் லூக்கா பாசியோலி, மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் வாழ்ந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவி, கணித ஆசிரியர். அவருக்கு வழங்கப்படும் இப்பட்டமும், அவர்மீது சுமத்தப்பட்ட நூல்திருட்டுக் குற்றச்சாட்டும் எந்த அளவிற்குப் பொருந்துவன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாசியோலி, இரட்டைப் பதிவு முறை, பியரோ டெல்லா பிரான்செஸ்கா, வழிநூல், மறுமலர்ச்சிக் காலக் கணிதம்

முன்னுரை

நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்த தமிழ் இலக்கண மரபு, தொகுத்தலையும் மொழிபெயர்த்தலையும் வழிநூலின் வகைகளாக ஏற்றுக்கொண்டது. வழிநூல் இயற்றுவது இழுக்கன்று. ஆயின் அந்நூல் வந்த வழியைச் சிறப்புப் பாயிரம் கூறவேண்டும் என்பது அம்மரபு. பாசியோலியைப் புதியன கண்டவர் என்றோ கள்வர் என்றோ ஒரு சொல்லில் அடக்குவதைவிட, இவ்வளவுகோலால் அளப்பது பொருத்தமாகும்.

வணிகர் இல்லமும் துறவு மடமும்

பாசியோலி 1447ஆம் ஆண்டளவில் நடு இத்தாலியிலுள்ள போர்கோ சான்செபோல்க்ரோ என்னும் சிற்றூரில் பிறந்தார். ஓவியரும் கணித அறிஞருமான பியரோ டெல்லா பிரான்செஸ்காவும் அவ்வூரினரே. இளமையில் வெனிஸ் நகருக்குச் சென்ற பாசியோலி, அந்தோனியோ ரொம்பியாசி என்னும் வணிகரின் மைந்தர்களுக்குக் கணிதம் கற்பித்தார். வணிகக் கணக்கு எழுதப்படும் முறையை அவர் நேரில் அறிந்தது அங்கேதான். 1470களில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த பின்னரும் ஆசிரியப் பணியை அவர் விடவில்லை. பெருஜியா, மிலான், புளோரன்ஸ், போலோஞ்ஞா முதலிய நகரங்களில் கற்பித்தார். 1496இல் மிலான் அரசவைக்குச் சென்றபோது லியோனார்டோ டாவின்சியின் நட்பைப் பெற்றார். 1517இல் மறைந்தார்.

1494ஆம் ஆண்டுத் தொகுப்பு நூல்

1494இல் வெனிசில் அச்சான 'சும்மா' என்னும் பெருநூல் எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், வணிகக் கணக்கு ஆகியவற்றை 600 பக்கங்களுக்கு மேல் தொகுத்துரைக்கிறது. அறிஞர்களின் இலத்தீனில் அன்றி, வணிகரும் கைவினைஞரும் படிக்கக்கூடிய இத்தாலிய மொழியில் அது எழுதப்பட்டது. யூக்ளிட், போத்தியஸ், பீசா நகர லியோனார்டோ முதலிய முன்னோரிடமிருந்து பெற்றதை ஆசிரியரே அந்நூலில் கூறுகிறார்.

அதன் கணக்கெழுதும் பகுதி, உடைமைப் பட்டியலில் தொடங்கி, மூன்று ஏடுகளை விளக்குகிறது. நடவடிக்கைகள் நிகழ்ந்தபடியே முதலில் நினைவேட்டில் எழுதப்படும். பின் ஒழுங்குபடுத்தப்பட்டுக் குறிப்பேட்டிற்குச் செல்லும். இறுதியில் பேரேட்டில் ஒவ்வொன்றும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொரு கணக்கில் வரவாகவும் இருமுறை பதியப்படும். இரு பக்கக் கூட்டுத்தொகைகளும் ஒத்திருத்தல் வேண்டும். இல்லையேல் பிழை உண்டு.

இம்முறை அவருடைய கண்டுபிடிப்பன்று. ஜெனோவா நகராட்சியின் 1340ஆம் ஆண்டுப் பேரேடுகள் இம்முறையிலேயே உள்ளன. பெனதெத்தோ கொத்ருள்யி 1458இலேயே இதுபற்றி எழுதினார். ஆயினும் அவரது நூல் 1573இல்தான் அச்சேறியது. தாம் உரைப்பது வெனிஸ் வணிகரின் வழக்கமே என்று பாசியோலியும் தெளிவாகக் கூறுகிறார். எனவே 'தந்தை' என்பது அவர் உரிமை கோராத பட்டம். தொழில் மறையாக இருந்ததை அச்சில் பொதுவாக்கியதே அவரது பணி.

அந்நூலின் பிழைகளும் பயன் விளைத்தன. 60 புள்ளிகளை முதலில் எட்டுவோர் வெல்லும் பந்தாட்டம், 50-க்கு 20 என்ற நிலையில் நின்றுபோனால் பந்தயப் பணத்தை எவ்வாறு பிரிப்பது என்னும் கணக்கிற்கு, பெற்ற புள்ளிகளின்படி 5-க்கு 2 என அவர் விடை கூறினார். ஒரு சுற்றுக்கு 10 புள்ளிகள், இரு தரப்பினரும் சமவல்லமையினர் எனக் கொண்டால், சரியான விகிதம் 15-க்கு 1. கர்தானோ 1539இல் அத்தீர்வை மறுத்தார். அவ்வினாவை 1654இல் பாஸ்கலும் பெர்மாவும் தீர்த்தபோது நிகழ்தகவியல் உருப்பெற்றது.

பியரோவும் 1509ஆம் ஆண்டு நூலும்

1550இல் வெளிவந்த கலைஞர் வரலாற்றில் ஜார்ஜோ வசாரி, பியரோவின் உழைப்பைப் பாசியோலி தமதாக்கிக்கொண்டார் எனக் கடுமையாகச் சாடினார். இக்கூற்றை முழுமையாக ஏற்க இயலாது. 'சும்மா' நூலின் பரப்பு பியரோவின் எழுத்துகளைவிட மிக விரிந்தது; அதன் காணிக்கையுரையில் பியரோ ஓவியக்கலையின் பேரரசராகப் போற்றப்படுகிறார். ஆயினும் பியரோவின் கணித ஏட்டிலிருந்து எடுக்கப்பட்ட வடிவியல் கணக்குகள் அந்நூலில் பல உள.

1509இல் அச்சான 'தெய்வீக விகிதம்' என்னும் நூலிலோ குற்றம் வெளிப்படையானது. லியோனார்டோவின் திண்ம உருவ வரைபடங்களால் புகழ்பெற்ற அந்நூலின் மூன்றாம் பகுதி, ஐந்து ஒழுங்குத் திண்மங்களைப் பற்றிப் பியரோ எழுதிய நூலின் இத்தாலிய மொழிபெயர்ப்பேயாகும். அதன் ஆசிரியர் எனப் பியரோ அங்குக் குறிக்கப்படவில்லை. வத்திக்கான் நூலகத்திலுள்ள இலத்தீன் கைப்படி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிப்பிக்கப்பட்டபோது இவ்வுண்மை உறுதிப்பட்டது. பியரோ 1492இலேயே மறைந்திருந்தார். தம் நூலுக்கு உரிமை கோர அவர் இல்லை.

முடிவுரை

தொகுத்தலும் மொழிபெயர்த்தலும் பாசியோலியின் குறைகள் அல்ல; அவரது பணியின் பெருமையே அவற்றில்தான் உள்ளது. அவர் இல்லையேல் வெனிஸ் வணிகரின் கணக்குமுறை பிற நாடுகளை எட்டக் காலம் தாழ்ந்திருக்கலாம். பியரோவின் திண்ம வடிவியலும் நெடுங்காலம் கைப்படியிலேயே தங்கியிருக்கக்கூடும். 1494இல் பெற்ற வழியைக் கூறியவர் 1509இல் அதைக் கூறாமல் விட்டதே அவர்மீதுள்ள குறை. பெற்றவன் பெயரை எழுதும்போது கொடுத்தவன் பெயரையும் எழுதவேண்டும் என்பது அவர் வணிகர்க்குக் கற்பித்த விதி. பியரோவிடம் பெற்றதற்கான பதிவு அவருடைய சொந்த ஏட்டில் ஒரு பக்கமே எழுதப்பட்டது. மறுபக்கத்தை நிரப்ப நான்கு நூற்றாண்டுகள் ஆயின.