சிரிப்புக்கு ஆளானவள் பாடும்போது

2024 கோடையில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த கையோடு, என் அக்கா மகள் பத்து நாள் தங்க வீட்டுக்கு வந்தாள். ஒருநாள் ராத்திரி மடிக்கணினியில் ‘மீன் கேர்ள்ஸ்’ படத்தைப் போட்டோம். இந்த ‘மீன்’ நம்மூர் மீன் இல்லை. ஈவிரக்கமில்லாமல் குத்திப் பேசுகிற பெண்கள் என்று பொருள். 2004-இல் வந்த படத்தை நான் கல்லூரி விடுதியில் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு டிவிடி, சுற்றி இருபது பேர். இப்போது வந்திருப்பது அதன் புது வடிவம் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். படம் தொடங்கியதுமே பாத்திரங்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். “இது பாட்டுப் படமா சித்தி? டிரெய்லர்ல அப்படித் தெரியவே இல்லையே” என்றாள் அவள்.

சற்று நேரம் கழித்து கிரெட்சன் பாடினாள். பள்ளியின் ராணியான ரெஜினாவின் பின்னாலேயே ஓடுகிறவள் கிரெட்சன். ரெஜினா ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல மாட்டாளா என்று காத்துக்கிடப்பவள். அன்று விடுதியில் நாங்கள் அதிகம் சிரித்தது இவளைப் பார்த்துத்தான். இப்போது அவள் மெல்லிய குரலில், எனக்கு என்ன குறை என்று தன்னையே கேட்டுப் பாடுகிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே பெண், அதே நிலைமை. இருபது வருடத்தில் என்ன மாறியது என்ற கேள்வியோடு இந்தப் படங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் பதின்வயதினரைப் பற்றிய நகைச்சுவைப் படங்களை இசைப் படங்களாகத் திரும்ப எடுப்பது இப்போது ஒரு தனி வழக்கமாகியிருக்கிறது. பெரும்பாலும் அது மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் படம், பிறகு நியூயார்க்கின் பிராட்வே மேடையில் இசைநாடகம், பிறகு அந்த நாடகத்திலிருந்து மறுபடியும் படம். இந்தப் பாதையில் பெரிய வெற்றி கண்டது ‘ஹேர்ஸ்ப்ரே’.

1988-இல் ஜான் வாட்டர்ஸ் இயக்கிய ‘ஹேர்ஸ்ப்ரே’யின் கதை 1962-இல் பால்டிமோர் நகரத்தில் நடக்கிறது. டிரேசி பருமனான பள்ளி மாணவி. உள்ளூர்த் தொலைக்காட்சியின் நடன நிகழ்ச்சியில் ஆட ஆசைப்படுகிறாள், ஆடியும் காட்டுகிறாள். அந்த நிகழ்ச்சியில் வெள்ளையர் பிள்ளைகளுக்குத்தான் இடம். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு நாள். இந்தக் கதைக்குப் பின்னால் உண்மையான நிகழ்ச்சி ஒன்று இருந்தது. 1957 முதல் பால்டிமோரில் ஒளிபரப்பான ‘தி பட்டி டீன் ஷோ’ அது. இரு இனப் பிள்ளைகளும் சேர்ந்து ஆட வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தபோது, அதற்கு இணங்குவதைவிட நிகழ்ச்சியை மூடிவிடுவதே மேல் என்று முடிவெடுத்தார்கள். 1964 ஜனவரியோடு அது நின்றுபோனது.

வாட்டர்ஸின் படத்தில் ஆட்டம் உண்டு, பழைய இசைத்தட்டுகளும் உண்டு. ஆனால் பாத்திரங்கள் தங்கள் மனதில் உள்ளதைப் பாடுவதில்லை. 2002-இல் அது பிராட்வே இசைநாடகமானபோதுதான் அவர்களுக்குப் பாட்டு கிடைத்தது. மார்க் ஷைமன் இசையமைத்தார். 2003-இல் அந்த நாடகம் எட்டு டோனி விருதுகள் பெற்றது. 2007-இல் ஆடம் ஷாங்க்மன் அதைப் படமாக்கினார். உலகெங்கும் 20 கோடி டாலருக்கு மேல் வசூலானது.

பாட்டு வந்ததும் டிரேசி முதல் காட்சியிலேயே ஊரைப் பார்த்துப் பாடிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். பருமனான பெண் என்றால் நகைச்சுவைப் படத்தில் அவளுடைய வேலை விழுவது, தின்பது, மற்றவர்கள் சிரிப்பது. இங்கே அவளுடைய ஆசையின் வேகத்தில் கேமரா நகர்கிறது. ஒரு பாட்டு முடியும்வரை யாரும் அவளைக் குறுக்கிட முடியாது. பாட்டு ஒரு பெண்ணுக்குக் கொடுப்பது முதலில் இந்த நேரத்தைத்தான் என்று எனக்குப் படுகிறது. வீட்டிலும் வகுப்பிலும் இரண்டு நிமிடம் குறுக்கீடில்லாமல் பேசிப் பார்த்த பெண்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு இல்லை என்று பார்க்க வேண்டும். டிரேசியின் அம்மா எட்னாவும் பருமனானவள். உடம்பை நினைத்துக் கூசி வீட்டைவிட்டு வெளியே வராதவள். அந்த வேடத்தை 1988-இல் டிவைன், மேடையில் ஹார்வி ஃபியர்ஸ்டைன், 2007-இல் ஜான் டிரவோல்டா என்று ஆண்களே ஏற்றார்கள். டிவைன் பெண்வேடக் கலையிலேயே வாழ்ந்தவர். அவர் எட்னாவாக வந்ததில் ஒரு கலக மரபு இருந்தது. டிரவோல்டா மெத்தை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்ததில் அது மிஞ்சவில்லை. மகளின் உடம்பை மதிக்கச் சொன்ன படம், அம்மாவின் உடம்பை வேடிக்கையாகவே வைத்துக்கொண்டது.

2007 படத்தின் கனமான பாட்டு மோட்டர்மவுத் மேபெல் பாடுவது. கறுப்பினத்தவருக்கான அந்த ஒற்றை நாள் நிகழ்ச்சியை நடத்தும் பெண் அவள். குயின் லத்தீஃபா நடித்தார். நிகழ்ச்சி பறிபோன பிறகு தன் மக்களோடு ஊர்வலமாக நடந்துகொண்டே பாடுகிறாள். அந்தச் சில நிமிடங்கள் படத்தின் தரமே வேறு. கடைசியில் அழகிப் பட்டமும் மேபெலின் சின்ன மகள் ஐனெஸுக்குப் போகிறது. எல்லாரும் சேர்ந்து ஆடுகிறார்கள். உண்மையில் நடந்தது அது இல்லை. ஆட விடாமல் கதவைச் சாத்தினார்கள். பாட்டு இவ்வளவு இனிமையாக இருக்கும்போது அந்தக் கதவை நாம் மறந்துவிடுகிறோம். மேபெலுக்குச் சில நிமிடம் கொடுத்தவர்கள் கதையை டிரேசியிடமே வைத்திருந்தார்கள் என்பதையும்.

இரண்டாவது படம் மேடைக்குப் போகாமல் நேராக இசைப் படமானது. 1983-இல் மார்த்தா கூலிட்ஜ் இயக்கிய ‘வேலி கேர்ள்’. லாஸ் ஏஞ்சல்ஸின் வசதியான புறநகர்ப் பெண் ஜூலிக்கும் ஹாலிவுட் பக்கத்து பங்க் பையன் ரேண்டிக்கும் காதல். டெபோரா ஃபோர்மனும் நிக்கோலஸ் கேஜும் நடித்தார்கள். செலவு சுமார் மூன்றரை லட்சம் டாலர்தான், வசூல் ஒரு கோடியைத் தாண்டியது. அந்தக் காலத்து பதின்வயதுப் படம் என்றால் பெண் உடம்பைக் காட்ட வேண்டும். வெற்று மார்பு தெரியும் காட்சிகள் வேண்டும் என்பது பணம் போட்டவர்களின் நிபந்தனையாக இருந்தது என்று கூலிட்ஜ் பின்னாளில் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அந்த நிபந்தனைக்கு உட்பட்டுக்கொண்டே பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் படத்தை அவர் எடுத்தார். 2002-இல் அமெரிக்க இயக்குநர்கள் சங்கத்தின் முதல் பெண் தலைவரானதும் அவர்தான்.

2020-இல் ரேச்சல் லீ கோல்டன்பர்க் இதையே 1980-களின் பிரபலமான பாடல்களைக் கோத்து இசைப் படமாக எடுத்தார். இதில் கதையைச் சொல்பவள் நடுவயது ஜூலி, கேட்பவள் அவளுடைய மகள். அம்மாவாக வருவது அலிசியா சில்வர்ஸ்டோன். 1995-இல் ‘க்ளூலெஸ்’ படத்தில் பள்ளி ராணியாக நடித்த அதே அலிசியா. பையனோடு சேர்வதைத் தாண்டி இந்த ஜூலிக்கு உடை வடிவமைப்புக் கனவும் உண்டு. ஒருத்தியின் பதின்வயது, அவள் மகளுக்குச் சொல்லத் தகுந்த வரலாறு என்று ஒரு படம் நினைத்ததே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அதன் விதியைப் பாருங்கள். 2018-இல் வர வேண்டிய படம். அதில் நடித்த ஒரு யூடியூப் பிரபலம் தன் காணொளி ஒன்றால் சர்ச்சையில் சிக்கியதால் தள்ளிப்போடப்பட்டது. கடைசியில் 2020 மே மாதம், திரையரங்குகள் மூடிக்கிடந்த நாளில், பெரும்பாலும் இணையத்தில் வெளியானது. ஒரு பெண் எடுத்த படம் ஓர் ஆண் செய்த காரியத்துக்காக இரண்டு வருடம் பெட்டியில் கிடந்தது.

இனி ‘மீன் கேர்ள்ஸ்’. இதன் வேர் ஒரு கதைப் புத்தகம்கூட இல்லை. ரோசலிண்ட் வைஸ்மன் 2002-இல் பெற்றோருக்காக எழுதிய ‘குயின் பீஸ் அண்ட் வானாபீஸ்’. பதின்வயதுப் பெண்களிடம் பேசிப் பேசி, அவர்கள் குழு சேர்வதையும் ஒருத்தியை ஒதுக்குவதையும் எழுதிய நூல். டினா ஃபே அதைத் திரைக்கதையாக்கினார். மார்க் வாட்டர்ஸ் இயக்கினார். சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலரில் எடுத்த படம் சுமார் 13 கோடி ஈட்டியது. 2018-இல் பிராட்வேக்கு வந்தது. வசனம் ஃபே, இசை அவருடைய கணவர் ஜெஃப் ரிச்மண்ட், பாடல் வரிகள் நெல் பெஞ்சமின். 12 டோனி பரிந்துரைகள், ஒரு விருதும் இல்லை. 2020 மார்ச்சில் தொற்றுக்காலம் அதை நிறுத்தியது, பிறகு அங்கே திறக்கவே இல்லை. 2024 ஜனவரியில் சமந்தா ஜெய்னும் அர்டுரோ பெரெஸ் ஜூனியரும் இயக்கிய இசைப் படம் வந்தது. வசூல் 10 கோடி டாலரைத் தாண்டியது.

2004 படத்திலும் ஒரு பாட்டு உண்டு. பள்ளியின் கிறிஸ்துமஸ் விழாவில் நான்கு பெண்களும் குட்டைப் பாவாடையில் ஆடுவார்கள். நடுவில் இசைக்கருவி உதைபட்டு நின்றுவிட, கேடி தன் குரலில் பாடிச் சமாளிப்பாள். அந்தப் பாட்டு பார்ப்பவர்களுக்கானது. இருபது வருடம் கழித்து கிரெட்சன் பாடும்போது அரங்கமும் இல்லை, கைதட்டலும் இல்லை. நகைச்சுவையில் நாம் வெளியே நின்று அவளைப் பார்த்தோம், பாட்டில் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம்.

வேறு மாற்றங்களும் உண்டு. ஜானிஸ் ஒரு லெஸ்பியன் என்ற வதந்தி 2004-இல் அவளைக் காயப்படுத்தும் ஆயுதம். முடிவில் ஒரு பையனோடு சேர்த்து அந்த வதந்தியைத் துடைத்துவிட்டார்கள். 2024-இல் ஜானிஸ் உண்மையாகவே பெண்களை விரும்புகிறவள், ஆவ்லி கிராவல்யோ நடிக்கிறார், கோபத்தோடு பாடவும் செய்கிறார். பழைய படத்தில் விளையாட்டு ஆசிரியர் ஒருவர் மாணவிகளிடம் நடந்துகொள்வது ஒரு ஜோக். நாங்கள் இருபது பேரும் அதற்கும் சிரித்தோம். அது குற்றம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. புதுப் படத்தில் அந்தக் கிளைக்கதை இல்லை. நான்கு பேரில் அறிவு குறைந்தவளான கேரன் ஸ்மித், கேரன் ஷெட்டியாகியிருக்கிறாள். நடித்தவர் அவந்திகா, 2021-இல் ‘பூமிகா’ தமிழ்ப் படத்தில் நடித்த அதே பெண். படிப்பாளி, மருத்துவர் மகள் என்ற அச்சுக்கு வெளியே, அசட்டுத்தனம் செய்யவும் ஓர் இந்தியப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்பது என் அக்கா மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இத்தனையும் செய்துவிட்டு அந்தப் பாட்டுகளை ஒளித்தார்கள். டிரெய்லரில் பாத்திரங்கள் பாடுவதே இல்லை. திரையரங்குக்குப் போன பிறகுதான் பலருக்கும் தெரிந்தது. ‘மியூசிக்கல்’ என்றாலே கூட்டம் குறையும் என்ற கணக்கு. பாட்டில்லாமல் டிரெய்லர் வந்தால்தான் நம்மூரில் சந்தேகப்படுவார்கள். அங்கே பாட்டுப் படம் என்பது ‘பெண்பிள்ளைச் சமாச்சாரம்’. பெண்களின் காசு வேண்டும், பெண்களின் ரசனையோடு சேர்த்துத் தங்களைப் பார்க்கவும் கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2002-இல் சுமார் 4 லட்சம் டாலருக்கு உரிமையைக் கொடுத்ததோடு சரி, நாடகத்துக்கோ புதுப் படத்துக்கோ தனக்கு எதுவும் தரப்படவில்லை என்று வைஸ்மன் 2023-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்காவது சொல்ல ஒரு பெயர் இருக்கிறது. வகுப்பறைகளில் அவரிடம் மனம்விட்டுப் பேசிய பெண்கள் யார்? அவர்களுடைய அவமானம் புத்தகமாகி, ஜோக்காகி, பாட்டாகியிருக்கிறது.

படம் முடிந்ததும் அக்கா மகள் கேட்டாள்: “உங்க ஸ்கூல்ல இப்படி நோட்டு இருந்துச்சா சித்தி?” படத்தில் ஒரு நோட்டு வருகிறது, ஒவ்வொருத்தியைப் பற்றியும் அசிங்கமாக எழுதி வைத்த நோட்டு.

இருந்தது. ஒன்பதாம் வகுப்பில், கணக்கு நோட்டின் பின்பக்கங்களில். நாங்கள் ஐந்து பேர். எங்களோடு சேரத் துடித்த ஒருத்தி இருந்தாள். நாங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்வாள், எங்களைப் போலவே ரிப்பன் கட்டுவாள். அவளுக்கு ‘ஜெராக்ஸ்’ என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரின் கீழே அவள் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதியது நான். ஒருநாள் நோட்டு அவள் கையில் கிடைத்தது. அழவில்லை. மறுநாள் கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். முழுப் பரீட்சை முடிந்ததும் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். விடுதியிலும் வேலையிடத்திலும் எத்தனையோ முறை இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ‘ஜெராக்ஸ்’ என்ற இடத்தில் சரியாகச் சிரிப்பு வரும்.

“நீங்க எழுதினீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. பாட்டெழுதுகிறவர்கள் வேண்டுமானால் ஊகித்துக்கொள்ளலாம். எழுதிய கை என்னுடையது என்பதால், ஊகிக்கும் உரிமைகூட எனக்கு இல்லை என்று நினைக்கிறேன். அந்தக் கதையைச் சிரிப்புக் கதையாகச் சொல்வதை நிறுத்திவிட்டேன். இங்கே எழுதியிருப்பது, சிரிக்க வைக்காமல் அதை நான் முதல்முறையாகச் சொன்னது.