பிள்ளையை முந்தி அனுப்பும் முன் வயதைக் கணக்கிடுங்கள்

மத்ரஸாவில் ஹிஃப்ழு முடித்த பிள்ளை, விட்டுப்போன வகுப்புகளைத் தனித்தேர்வராக எழுதிக் கடக்கலாம். லால்பேட்டை, பரங்கிப்பேட்டைப் பெற்றோர் அதற்கு முன் வயது விதிகளைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

தமிழக அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14, பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 குறைந்தபட்ச வயது.

மருத்துவம் படிக்க நினைப்போருக்கு இன்னொரு வரம்பு உண்டு. கல்லூரியில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது பூர்த்தியாக வேண்டும். 2010 ஜனவரி 1இல் பிறந்த பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பை முன்பே முடித்திருந்தாலும், 2026இல் நீட் எழுத இயலாது. ஒரே நாள் வித்தியாசத்தில் ஓராண்டு காத்திருக்க நேரும். சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கும் இதே விதிதான்.

இதற்காக வயதைக் கூட்டிப் பதிவதும் கூடாது. அது பொய். பிறப்புச் சான்றிதழும் மதிப்பெண் சான்றிதழும் முரண்பட்டால் பின்னாளில் தவிப்பது பிள்ளைதான்.

காத்திருக்கும் காலம் வீணல்ல. ஓதியதை மறக்காமல் மீட்டவும், கடினமான பாடங்களை நிதானமாகப் படிக்கவும் அது உதவும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிக்கையை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக!