உம்மம்மாவும் 87 சதவீதமும்

எங்கட உம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. குர்ஆன் ஓதுவா. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் ‘பத்ஹுத் தய்யான்’ கிதாபை மஃரிபுக்குப் பிறகு விளக்கடியில் விரித்து வைத்து, பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அறபுத்தமிழில் வாசித்து விளங்கப்படுத்துவா. சங்கக் கடையில் கையெழுத்துக் கேட்டால் மட்டும் பெருவிரலை நீட்டுவா. 1981 மார்ச்சில் குடிசன மதிப்பீட்டுக்கு வீட்டுக்கு வந்த மாஸ்டர் கேட்டபோது, “ஓதுவன், வாசிப்பன், எழுதத் தெரியா மகன்” என்று சொன்னாவாம். இது உம்மா சொல்லிக் கேட்டது. நான் அப்போது கைக்குழந்தை.

மாஸ்டர் படிவத்தில் எதைப் பதிந்திருப்பார் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. ஏதாவதொரு மொழியை விளங்கி வாசிக்கவும் எழுதவும் முடிந்தவரே எழுத்தறிவுள்ளவர். 1958இல் யுனெஸ்கோ வகுத்துக் கொடுத்த வரைவிலக்கணமும் இதுதான்: அன்றாட வாழ்க்கை பற்றிய சிறிய வாசகமொன்றை விளங்கி வாசிக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. ஆகவே, ஒரு தெருவுக்கே மார்க்கச் சட்டம் வாசித்துக் காட்டிய மனுசி, அரசாங்கக் கணக்கில் எழுத்தறிவற்றவ. அந்தக் கணக்கெடுப்பில் 10 வயதுக்கு மேற்பட்டோரின் எழுத்தறிவு 87.2 சதவீதம் என்று வந்தது. உம்மம்மா மிச்சமிருந்த 12.8க்குள் போய்ச் சேர்ந்தா.

இந்த 87ஐ நான் பல வருடங்களுக்குப் பிறகு வேறோர் இடத்தில் கண்டேன். 1990 மே மாதம் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் வெளியிட்ட முதலாவது மனித அபிவிருத்தி அறிக்கையில் இலங்கைக்குக் கௌரவமான இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. தலைக்கு 400 டொலர் வருமானமுள்ள இலங்கையில் ஆயுள் எதிர்பார்ப்பு 71 வருடம், வளர்ந்தோர் எழுத்தறிவு 87 சதவீதம். 2,020 டொலர் வருமானமுள்ள பிரேசிலில் 65 வருடம், 78 சதவீதம். 6,200 டொலர் வருமானமுள்ள சவூதி அரேபியாவில் 64 வருடம், 55 சதவீதம். காசு இருந்தால் மட்டும் மனுசர் நன்றாக வாழ்ந்துவிடுவதில்லை என்பதற்கு அந்த அறிக்கை காட்டிய உதாரணங்களில் நாமும் ஒன்று.

அறிக்கையின் கர்த்தா மஹ்பூபுல் ஹக். நமது பிள்ளைகளுக்கு அதிகம் தெரியாத பெயர். 1934இல் பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்து, 1947இல் பிரிவினையின் இரத்தக் களரிக்கூடாகப் பாகிஸ்தான் போன குடும்பத்துப் பிள்ளை. லாகூரில் படித்து கேம்பிரிட்ஜ் போனார். அங்கே அமர்த்தியா சென் கூட்டாளியானார். நாடு திரும்பி அயூப் கானின் காலத்தில் திட்ட ஆணைக்குழுவில் தலைமைப் பொருளியலாளரானார். ஐந்தாண்டுத் திட்டங்கள் எழுதினார். உற்பத்தி வளர்ந்தது, வெளிநாட்டு நிபுணர்கள் புகழ்ந்தார்கள். 1968இல் அதே மனுசர் கராச்சியில் எழுந்து நின்று, நாட்டின் கைத்தொழிலில் மூன்றில் இரண்டு பங்கு 22 குடும்பங்களின் கையில் இருக்கிறது என்று சொன்னார். தன்னுடைய திட்டம் யாரை வளர்த்தது என்பதைத் தானே எண்ணிப் பார்த்துச் சொன்ன பொருளியலாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ‘22 குடும்பங்கள்’ என்பது பாகிஸ்தான் அரசியலில் கோஷமாகவே மாறிப்போயிற்று.

பிறகு 1970 முதல் 1982 வரை உலக வங்கியில் மக்னமாராவின் கீழ் வேலை. அதன்பின் ஸியாவுல் ஹக் ஆட்சியில் அமைச்சர். இந்த இடத்தில் அவரைப் பற்றிய என் மரியாதை கொஞ்சம் தடுமாறும். மனித அபிவிருத்தி பற்றி உலகத்துக்குச் சொன்னவர் சொந்த நாட்டில் அதிகாரத்தில் இருந்த வருடங்களிலும் பாகிஸ்தானின் எழுத்தறிவு இலங்கையின் பாதிக்குக் கூட வரவில்லை. அவருடைய சொந்த அறிக்கையே அதைக் காட்டியது. அதையும் ஒளிக்காமல் அச்சிட்டார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதுவரை உலகம் நாடுகளை அளந்தது மொத்தத் தேசிய உற்பத்தியால். 1934இல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேசிய வருமானக் கணக்கைத் தயாரித்துக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், இதை வைத்து ஒரு நாட்டின் நலத்தை முடிவு செய்ய முடியாது என்று அந்த அறிக்கையிலேயே எச்சரித்திருந்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1970களின் இறுதியில் மொரிஸ் டேவிட் மொரிஸ் என்ற அமெரிக்கர், குழந்தை மரணம், ஒரு வயதில் ஆயுள் எதிர்பார்ப்பு, எழுத்தறிவு மூன்றையும் கூட்டி நூற்றுக்குப் புள்ளி போட்டுப் பார்த்தார். அந்தப் பரீட்சையில் இலங்கை 80ஐத் தாண்டியது. வருமானத்தில் நமக்கு எவ்வளவோ மேலே இருந்த எண்ணெய் நாடுகள் சில பின்னால் நின்றன.

ஹக் நியூயோர்க்கில் சென்னைக் கூப்பிட்டு இப்படியொரு ஒற்றை எண் வேண்டும் என்றபோது, சென் முதலில் சம்மதிக்கவில்லை. மனித வாழ்வின் சிக்கலையெல்லாம் ஒரு தசமத்துக்குள் அடைப்பது பாமரத்தனம் என்பது அவர் கட்சி. ஹக்கின் பதில், பாமரத்தனம்தான், அந்த உற்பத்திக் கணக்கின் அளவுக்கே பாமரத்தனமான எண்தான் தனக்கு வேண்டும் என்பது. ஆனால் அதைப்போல மனுச வாழ்க்கையைக் காணாத குருட்டு எண்ணாக அது இருக்கக்கூடாது. பட்டியல் பட்டியலாகப் புள்ளிவிபரம் கொடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், ஒரு எண் கொடுத்தால் பத்திரிகையில் வரும், அமைச்சர்கள் வெட்கப்படுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கணக்குப் பிழைக்கவில்லை.

ஆயுள், எழுத்தறிவு, வருமானம் என்று மூன்று. முதலாவது சுட்டெண்ணில் ஓர் எல்லைக்கு மேலே வருமானம் எவ்வளவு கூடினாலும் புள்ளி கூடாது. பணக்காரனின் கடைசி டொலருக்கு மதிப்பில்லை என்று கணிதத்திலேயே எழுதிவைத்த மாதிரி. எனக்கு இது பிடித்த இடம். 2010இல் எழுத்தறிவை எடுத்துவிட்டுப் பாடசாலையில் கழித்த வருடங்களைப் போட்டார்கள். அதே ஆண்டு சபினா அல்கயரின் ஒக்ஸ்போர்ட் குழு தயாரித்த பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணும் அறிக்கைக்குள் வந்தது. வீட்டில் கக்கூஸ் உண்டா, தண்ணி உண்டா, அடுப்பு விறகா, பிள்ளை இறந்திருக்கிறதா என்று வீட்டுக்கு வீடு பார்க்கும் முறை அது.

இந்த இடத்தில் நம்மவர்கள் வழமையாக மார்பு தட்டுவோம். 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, 1945இன் இலவசக் கல்வி, ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி. 1934-35 மலேரியாக் கொள்ளையில் சுமார் 80,000 பேரைப் பறிகொடுத்த நாடு, டீடீடீ வந்த பிறகு 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த மரண வீதத்தை ஒரே வருடத்தில் 14 அளவுக்குக் கொண்டுவந்தது. இந்தப் பெருமை பொய்யல்ல. ஆனால் 1980களிலேயே பல்லாவும் கிளிவ்வும் ஒரு கேள்வி போட்டார்கள்: இலங்கையின் உயரம் 1960க்கு முன்பே வந்த உயரமல்லவா, அதற்குப் பிறகு வளர்ந்த வேகத்தில் என்ன விசேஷம் என்று. சென் மறுத்து எழுதினார். அந்த வாதத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்பதைவிட, சராசரிக்கு உள்ளே யார் இருந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான் திருகோணமலை மாவட்டத்துக்காரன்.

மனித அபிவிருத்தி அறிக்கை மே மாதம் வந்தது. அடுத்த மாதமே கிழக்கில் மறுபடி யுத்தம். ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே 1990/91இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வீட்டு வருமான, செலவின ஆய்வை நடத்தியது. வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. 1995/96இலும் இல்லை, 2002இலும் இல்லை. 2006/07இல் கிழக்கு வந்தது. ஆனால் திருகோணமலை விடுபட்டது. எல்லா மாவட்டமும் உள்ளே வந்தது 2012/13இல்தான். 1991இல் நடக்க வேண்டிய குடிசன மதிப்பீடு நடக்கவேயில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18 மட்டுமே முழுமையாக எண்ணப்பட்டன. ஆக, 1981இல் கைக்குழந்தையாக எண்ணப்பட்ட நான், அடுத்த தடவை ஒழுங்காக எண்ணப்பட்டது 2012இல். இடையில் பாடசாலை, பல்கலைக்கழகம், நியமனம், கலியாணம், சுனாமி எல்லாம் நடந்து முடிந்திருந்தன.

யுத்த காலத்தில் எண்ணுவது லேசான காரியமில்லை. திணைக்களத்து உத்தியோகத்தர்களை நான் குறை சொல்லவில்லை. விடுபட்ட மாவட்டங்களின் பெயர்களை அவர்கள் அட்டவணைகளின் கீழே ஒழுங்காக அச்சிட்டே வந்தார்கள். ஆனால் அடிக்குறிப்பு விமானம் ஏறுவதில்லை, எண்தான் ஏறும். நியூயோர்க் போய்ச் சேரும்போது அது ‘இலங்கை’ ஆகிவிடும்.

இதன் பாரதூரம் 2000க்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வருடம் செப்டம்பரில் உலகத் தலைவர்கள் கூடி, 2015க்குள் அதிவறுமையைப் பாதியாக்குவோம் என்றார்கள். பிறகு எட்டு மிலேனிய இலக்குகள் வந்தன. பாதி என்றால் எதில் பாதி? 1996இல் ரோமில் நடந்த உணவு மாநாட்டில், பட்டினி கிடப்போரின் எண்ணிக்கையைப் பாதியாக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். 2000இல் அது ‘விகிதம்’ என்று மாறிற்று. சனத்தொகை கூடக்கூட விகிதம் தானாகவே கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். அதோடு, தொடக்க ஆண்டு 1990 என்று பின்னுக்குத் தள்ளப்பட்டது. இலக்கு எழுதப்படுமுன்பே சீனாவில் பல கோடிப் பேர் வறுமையிலிருந்து மீண்டதும் அந்தக் கணக்குக்குள் வந்து சேர்ந்தது. தோமஸ் பொக்கே என்ற மெய்யியலாளர் இதை விடாமல் சுட்டிக்காட்டி வந்தார். பரீட்சை முடிந்த பிறகு சித்தியடையும் புள்ளியைத் தீர்மானிக்கும் அதிபரை நான் இன்னும் காணவில்லை.

அதிவறுமைக் கோடும் அப்படித்தான். உலக வங்கியின் மார்ட்டின் ரவாலியனும் கூட்டாளிகளும் வறிய நாடுகள் தாங்களாகவே போட்டிருந்த கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பல, நாளொன்றுக்கு ஒரு டொலரை ஒட்டி நின்றன. அதுவும் 1990இல்தான். பின்னர் அந்தக் கோடு 1.25, 1.90, 2.15 என்று நகர்ந்து, 2025இல் 3 டொலர் ஆயிற்று. ஒவ்வொரு நகர்விலும் உலகத்தின் ஏழைகளுடைய தொகை ஒரே இரவில் மாறும். ஆனால் யாருடைய சட்டியிலும் ஒரு பிடி அரிசி கூடியோ குறைந்தோ இருக்காது. நமது ஸகாத்தின் நிஸாபும் ஒரு கோடுதான், வெள்ளி விலையோடு அதுவும் நகரும். ஆனால் அது கொடுக்க வேண்டியவன் யார் என்று பார்க்கிற கோடு.

இலங்கையின் தேசிய வறுமைக் கோடு 2004இல்தான் உத்தியோகபூர்வமாக வந்தது: 2002ஆம் ஆண்டு விலையில் ஆளுக்கு மாதம் 1,423 ரூபா. அதை வைத்துப் பின்னோக்கிக் கணித்ததில் 1990/91இல் வறியோர் 26.1 சதவீதம். பாதி என்றால் 13. 2009/10இல் 8.9 ஆயிற்று, இலக்கு நிறைவேறியது என்றார்கள். அந்த 26.1க்குள் வடக்கின் ஒரு வீடும் இல்லை, கிழக்கின் ஒரு வீடும் இல்லை. எங்கள் வறுமை குறைந்ததா கூடியதா என்று கேட்டால், தொடக்கப் புள்ளியே கிடையாது. 2016இல் பழைய கோட்டின்படி 4.1 சதவீதமாக இருந்த வறுமை, 2019இல் புதிய கோட்டின்படி 14.3 சதவீதம்.

2015 செப்டம்பரில் மிலேனிய இலக்குகளின் இடத்துக்கு நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் வந்தன. 17 இலக்குகள், 169 உபஇலக்குகள். யாரையும் பின்னால் விட்டுவிடாதிருத்தல் என்பது அவற்றின் கோஷம். 17.18 என்ற உபஇலக்கு, தரவுகளை வருமானம், பால், வயது, இனம், இடப்பெயர்வு நிலை, இயலாமை, புவியியல் அமைவிடம் என்று பிரித்துக் காட்டச் சொல்கிறது. இடப்பெயர்வு நிலை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் புத்தளத்து ஓலைக் குடிசைகள்தான் ஞாபகம் வந்தன. வீட்டு ஆய்வுக்கு முதலில் வீடு வேண்டும். அகதி முகாம்களும் தெருவோரங்களும் உலகம் முழுக்க அந்த ஆய்வுகளின் வலைக்குள் சரியாக விழுவதில்லை.

கல்வி இலக்கு பற்றி ஒரு வாத்தியார் பேசாமல் இருக்க முடியாது. மிலேனிய இலக்கு பிள்ளை பாடசாலையில் சேர்ந்து ஆரம்பக் கல்வியை முடிப்பதை அளந்தது. புதியது, பிள்ளை என்ன கற்றது என்று கேட்கிறது. வருடாவருடம் பாடசாலைக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்புகிறவன் நான். இடாப்பில் 38 பேர் இருப்பார்கள். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் கதிரையில் 25 பேர். அதில் எத்தனை பேருக்குத் தடுமாறாமல் ஒரு பந்தி வாசிக்க வரும் என்று கேட்டால் நான் மௌனமாகிவிடுவேன். அவர்கள் எல்லோரும் நம்முடைய புகழ்பெற்ற சராசரிக்குள் இருக்கிறார்கள். வாசித்துக் காட்டிய உம்மம்மா வெளியே.

அவவுடைய கிதாப் இப்போது எங்கள் அலமாரியில் இருக்கிறது. மூத்தம்மா இறந்த பிறகு உம்மா என்னிடம் தந்தது. முன் அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் ஒன்பது பிள்ளைகளின் பிறந்த தேதிகள், ஹிஜ்ரி மாதத்தோடு. யாரோ ஒரு லெப்பையைக் கொண்டு எழுதுவித்திருக்கிறா. ஒரே கையெழுத்தாக இல்லை. மூன்று பெயர்களுக்கு எதிரே இரண்டாவது தேதியும் உண்டு. ஒன்றுக்கு நாற்பது நாள், மற்ற இரண்டுக்கும் ஒரு வருடம் நிரம்பவில்லை. கச்சேரியில் தேடிப் பார்த்தேன். ஆறு பிள்ளைகளின் பதிவு மட்டும் கிடைத்தது.