இராயப்பரும் பேதுருவும்: வன்னியில் ஒரு பழைய வழக்கு

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் வவுனியாவில் ஒரு மரணவீட்டில் இருந்தபோது கேட்ட உரையாடல் இன்றும் நினைவில் நிற்கிறது. இருவரும் உறவினர், வயதில் மூத்தவர் கத்தோலிக்கர். இளையவர் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்.

“பரலோகத்தின் திறப்பை இராயப்பரிட்டைத்தானே ஆண்டவர் குடுத்தவர்? பாப்பரசரிட்டை இருக்கிறது அந்தத் திறப்புத்தான்” என்றார் மூத்தவர்.

“குடுத்தது சரி அண்ணை. பேதுருவுக்குக் குடுத்தது றோமாபுரிக்கு எப்பிடிப் போனது?” என்று இளையவர் கேட்டார்.

இரவு முழுவதும் வழக்கு நீடித்தது. விடியற்காலையில் இருவரும் சேர்ந்தே பெட்டியைத் தூக்கினர்.

இருவரும் பேசியது ஒரே அப்போஸ்தலரைப் பற்றித்தான். ஆனால் ஒருவருக்கு அவர் இராயப்பர், மற்றவருக்குப் பேதுரு. கிரேக்கத்தில் ‘பெட்ரோஸ்’ என்றால் கல். தெலுங்கில் ‘ராயி’ என்றாலும் கல். அந்தச் சொல்லிலிருந்தே இராயப்பர் என்ற பெயரைப் பழைய கத்தோலிக்கத் தமிழ் ஆக்கிக்கொண்டது என்பர். சீர்திருத்தச் சபைகளின் தமிழோ கிரேக்கப் பெயரின் ஒலியையே தழுவியது. வழக்கின் மூலமே பெயருக்குள் இருக்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மத்தேயு நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில், பேதுருவைக் கல் என்று அழைக்கும் யேசு, அந்தக் கல்லின் மீது தமது சபையைக் கட்டப்போவதாகக் கூறுகிறார். அந்தக் கல் எது? பேதுரு என்ற மனிதனே என்பது கத்தோலிக்கர் வாதம். யேசு பேசிய அரமேய மொழியில் இரண்டிடத்திலும் ‘கேபா’ என்ற ஒரே சொல்தான் இருந்திருக்கும் என்று அவர்கள் சுட்டுவர். கிரேக்கத்தில் ‘பெட்ரோஸ்’, ‘பெட்ரா’ என இரண்டு வடிவங்கள் உள்ளன. எனவே கல் என்பது பேதுரு அறிக்கையிட்ட விசுவாசமே என்பது மறுதரப்பு வாதம். கட்டவும் அவிழ்க்கவுமான அதிகாரம் 18ஆம் அதிகாரத்தில் எல்லாச் சீடர்களுக்கும் அளிக்கப்படுகிறது என்பதையும், பேதுருவைத் தாம் முகத்துக்கு நேரே எதிர்த்ததாகப் பவுல் கலாத்தியருக்கு எழுதியதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். இரண்டு விளக்கங்களையும் அறிந்திருந்த புனித அகுஸ்தீனார், தம் முதுமையில், தேர்வை வாசகரிடமே விட்டுவிட்டார்.

இந்த வாதம் வன்னிக்கு வந்தபோது அது வெறும் ஏட்டு விவகாரமாக இருக்கவில்லை. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். றோமாபுரியின் அதிகாரத்தை ஏற்காத அவர்கள், கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்தனர். 1670 அளவில் மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சுரூபத்தை எடுத்துக்கொண்டு குடும்பங்கள் சில மருதமடுக் காட்டுக்குள் புகுந்தன. அதுவே இன்றைய மடுத் திருப்பதியின் தொடக்கம்.

குருமார் இல்லாதிருந்த அந்த ஆண்டுகளில் பாப்பரசரின் ஆணை எதுவும் காட்டுக்குள் வந்திருக்க வழியில்லை. செபமும் சுரூபமும் நினைவுமே அந்த மக்களுக்கு எஞ்சியவை. 1687இல் கோவையிலிருந்து யோசேவாஸ் அடிகள் வந்த பின்னரே குருத்துவப் பணி மீண்டும் துளிர்த்தது. இதே காலப்பகுதியின் பின்கூற்றில், கத்தோலிக்கப் போதனையை மறுத்து ஒல்லாந்தச் சபையின் தமிழ்க் குருவான பிலிப்பு தெ மெல்லோ ‘சத்தியத்தின் ஜெயம்’ என்ற நூலை எழுதினார். வாதம் அப்போதே தமிழ் பேசத் தொடங்கிவிட்டது.

இதைவிட விசித்திரமான வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. இம்முறை வழக்காடிய இருதரப்பாரும் கத்தோலிக்கரே. கீழைத்தேயச் சபைகளுக்கு ஆயர்களை முன்மொழியும் உரிமையை முற்காலப் பாப்பரசர்கள் போர்த்துக்கல் மன்னருக்கு வழங்கியிருந்தனர். 1834இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் இலங்கையைக் கொச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரித்துத் தம் நேரடி ஆளுகையில் வைத்தார். 1886இல் போர்த்துக்கலுடன் உடன்படிக்கை ஏற்பட்டதும், இலங்கையில் எஞ்சியிருந்த கோவைக் குருமாரின் ஆலயங்களும் புதிய மறைமாவட்டங்களுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. கொழும்பிலும் மன்னார்ப் பகுதியிலும் ஒரு சாரார் இதற்கு இணங்க மறுத்தனர். பாப்பரசரை எதிர்க்க அவர்கள் எடுத்த ஆயுதம், பழைய பாப்பரசர்கள் கொடுத்த உரிமையே!

அவர்களுடைய தலைவரான கோவைக் குரு அல்வாரிஸ், 1889இல் கோட்டயத்தில் சிரிய மரபுவழித் திருச்சபையினரால் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அச்சபையின் தலைமைப் பீடம் அந்தியோக்கியா. அதுவும் பேதுரு நிறுவியதாக மரபு கூறும் பீடமே. றோமாபுரியை விட்டுப் போனவர்களும் பேதுருவின் மற்றொரு வாசலில்தான் போய் நின்றார்கள்.

இந்த வழக்கில் தீர்ப்பு வழங்குவது என் வேலையன்று. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வன்னியின் அவலங்களைப் பார்த்து வந்தவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்லலாம். 1999 நவம்பரில் மடுத் திருப்பதியில் எறிகணை விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில், 1670ஐப் போலவே, திருச்சுரூபம் மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது. எந்தப் பீடத்தின் அதிகாரமும் எறிகணையைத் தடுக்கவில்லை.

எனினும் அதிகாரம் எதற்கு என்பதை இராயப்பரின் பெயரைத் தாங்கிய ஒருவர் காட்டினார். 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். கச்சேரிப் பதிவுகளின்படி 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டார். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் காலமாகும்வரை அக்கேள்விக்கு அரசு பதில் தரவில்லை.

பேதுருவின் அதிகாரத்துக்கு ஆதாரமாகக் கத்தோலிக்கர் காட்டும் இன்னோர் இடம் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம். அங்கே திறப்பு இல்லை, கல் இல்லை. தம் ஆடுகளை மேய்க்கும்படி மூன்று முறை சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். மேய்ப்பன் முதலில் செய்ய வேண்டியது, மாலையில் ஆடுகளை எண்ணுவது. ஆயர் எண்ணினார், எண்ணிக்கை குறைந்ததைக் கண்டு கேட்டார்.

அந்த மரணவீட்டில் வழக்காடிய இருவரில் மூத்தவர் இன்று இல்லை. இளையவரை அண்மையில் சந்தித்தேன். பாப்பரசரைப் பற்றிய தமது கருத்தில் மாற்றமில்லை என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனால் அந்த ஆயர் கேட்டது எங்கட ஆக்களுக்கும் சேர்த்துத்தான்” என்றார்.